வரிக் கணக்கு

ஓலு நகரத்தில், சம்பளப் பிரிவில்,
பத்தொன்பது வருடம் வரி பிடித்தவள் நான்.
இப்போது வரி எண்ணுகிறேன்.
நிரலின் வரி.

தெருவுக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களுக்கு
மென்பொருள் எழுதும் கம்பெனி எங்களுடையது.
பதினான்கு பேர்.
யார் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று
காபி மெஷினுக்கு மேலே ஒரு திரையில் தெரியவேண்டும்,
அதுதான் வேலை.
"நிரல் தெரியவேண்டாம், ஹில்க்கா.
பெட்டியை இழு, அடுத்த பெட்டியோடு சேர்"
என்றார் வெய்யோ,
தொப்பியிலிருந்து பனி உருகி என் விசைப்பலகையில் சொட்ட.

முதல் பெட்டி களஞ்சியம்.
தானியம் ஒரு மணி கிடையாது அதில்,
எலி மட்டும் உண்டு என்கிறாள் ஓனெர்வா.
அதன் வாசலில் ஒரு கொக்கி.
யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும்
கொக்கி ஒருமுறை அசையும்.
பிறகு வடிகட்டி.
பிறகு பெயர், நேரம், கூட்டிய வரி, நீக்கிய வரி.
கடைசியில் அம்புக்குறி போய் முட்டுமிடம்
திரை.

முதல் நாள் முதலிடம் பிடித்தவர்
தொள்ளாயிரத்துப் பதினோரு கமிட்.
யாரும் அவரைப் பார்த்ததில்லை.
விசாரித்தால், அது ஒரு போட்,
நூலகங்களின் பதிப்பெண்ணை மாற்றிக்கொண்டே இருப்பது.
வடிகட்டியில் இன்னொரு கண்ணியைச் சேர்த்தேன்.
உழைப்பாளி ஒருவரை
ஒரு க்ளிக்கில் வேலையைவிட்டு அனுப்பியது
அதுவே முதல் தடவை.

டிசம்பர்.
இரண்டு மணிக்கே சூரியன் கடையைக் கட்டிவிட,
அறையில் வெளிச்சம் என்று இருந்தது அந்தத் திரைதான்.
எல்லோருக்கும் நீலத்தூண்.
இல்மோவுக்கு மட்டும்
தரைக்குக் கீழே சிவப்பு:
கழித்தல் மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.

"இவன் என்னதான் செய்கிறான்?" என்றார் வெய்யோ.

கமிட்டைத் திறந்து படித்தேன்.
நிரல் புரியவில்லை. மேலே எழுதிய குறிப்பு புரிந்தது:
'வால்வு அழுத்தக் கணக்கு ஐந்து இடத்தில் இருந்தது.
ஐந்தும் வேறுவேறு விடை சொன்னது.
இனி ஒன்றே.'

கழிப்பதைப் பற்றி எனக்கா சொல்லித் தரவேண்டும்?
கழித்தபின் மிஞ்சுவதைத்தானே
இத்தனை வருடம் கவரில் போட்டுக் கொடுத்தேன்.
நீக்கிய வரியையும் உழைப்பில் சேர் என்று
பெட்டிக்குள் ஒரு சூத்திரம் எழுதினேன்.
நான் எழுதிய முதல் நிரல். பதினேழு எழுத்து.
சிவப்பு எழுந்து நின்றது, நீலமாக.

அத்தோடு விட்டிருக்கலாம்.

நேரத்தைப் பார்த்தேன்.
03:40. 03:52. 04:10.
உலக நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும்
இரண்டு மணி இடிக்கிறது போல என்று நினைத்து
அதையும் திருத்தினேன்.
மற்றவர்கள் எல்லோரும் பகலுக்கு வந்துவிட்டார்கள்.
இல்மோ வரவில்லை.
05:40. 05:52. 06:10 என்று காட்டியதும்
ஏற்கெனவே திருத்தியதைத்தான் மறுபடி திருத்தியிருக்கிறேன்,
அவனுக்கு மட்டும்,
என்று புரிந்தது.
முதலில் இருந்த மணிதான் சரி.
அக்டோபரிலிருந்து, தினமும்.

அக்டோபரில் அவன் முகவரி மாறியது எனக்குத் தெரியும்.
அவசரத் தொடர்புக்கு இருந்த பெயரை
எடுத்துவிட்டு
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டதும் தெரியும்.
சம்பளப் பிரிவுக்கு எல்லாம் தெரியும்.
வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான்
எங்களுக்குப் பாதிச் சம்பளம்.
இந்தத் திரைக்கு அந்தப் பாதி கிடையாது.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்
நேரத்திலிருந்து திரைக்குப் போன கோட்டைத் தொட்டேன்.
அழிக்கவா என்று கேட்டது.
ஆம் என்றேன்.
உறுதியாகவா என்றது.
மனிதர்கள்கூட இரண்டாம் முறை கேட்பதில்லை.

"நேரம் எங்கே?" என்றார் வெய்யோ.
"வரவில்லை."
"கொக்கியில் கோளாறா?"
"கொக்கி நன்றாக இருக்கிறது."

இல்மோ காபிக்கு வந்தான்.
திரையைப் பார்த்தான், கோப்பையைப் பார்த்தான்,
பால் தீர்ந்துவிட்டது என்றான்.

ஒன்றைச் சொல்லவில்லை.
சோதனைக்காக முதல் வாரம் போட்ட ஒரு கோடு
கொக்கியிலிருந்து என் ஃபோனுக்கு இன்னும் ஓடுகிறது.
அதை அழிக்க மறந்துவிட்டேன் என்று
யாராவது கேட்டால் சொல்வேன்.
இரவு மூன்றே முக்கால் வாக்கில்
தலையணைக்கடியில் ஒருமுறை அதிரும்.
எடுத்துப் பார்ப்பதில்லை.
புரண்டு படுப்பேன்.